நீரிழிவும் மிதமான மதுவும்: இதயத்தைக் காக்கும் என்ற கூற்றின் வரலாறும் சான்றும்

நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு, அந்நோய் இல்லாத அதே வயதினருக்கு இருப்பதைவிட ஏறத்தாழ இருமடங்கு என்பதும், அவர்களில் பலரது உயிரை இறுதியில் பறிப்பவை இதயமும் இரத்தக் குழாய்களும் அடையும் கேடுகளே என்பதும் மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்தவை. எனவே இதயத்தைக் காக்கும் என்று பெயரெடுத்த எந்தப் பொருளும் நீரிழிவு மருத்துவத்தின் வாசலுக்கு வந்து சேராமல் இருந்ததில்லை. அவ்வாறு வந்தவற்றுள் மிக விசித்திரமானது மது. கல்லீரலைக் கெடுப்பதும், இரத்த அழுத்தத்தை ஏற்றுவதும், 1988 முதல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலில் ஐயத்துக்கு இடமற்ற புற்றுநோய்க் காரணிகளின் வரிசையில் இடம்பெற்றிருப்பதுமான ஒரு பொருள், அளவோடு அருந்தினால் நீரிழிவாளரின் இதயத்துக்கு நன்மை செய்யுமா என்ற வினா, அரை நூற்றாண்டாக ஆய்விதழ்களில் விவாதிக்கப்பட்டு வருகிறது.

விவாதத்துக்குள் நுழையும் முன் அளவு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பீர், திராட்சை மது, பிராந்தி என வடிவம் எதுவாயினும் உடலில் வேலை செய்வது எத்தனால் என்னும் ஆல்கஹால்தான். ஆய்வுகள் அதைக் கிராம் கணக்கில் அளக்கின்றன. 12 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட திராட்சை மது 150 மில்லிலிட்டர் என்பது ஏறத்தாழ 14 கிராம். அதுவே அமெரிக்காவில் ‘ஒரு குவளை’ எனப்படும் அளவு. பிரிட்டனில் ஓர் அலகு 8 கிராம், ஆஸ்திரேலியாவில் 10, ஜப்பானில் 20. அமெரிக்க நெறிமுறைகள் பெண்களுக்கு நாளொன்றுக்கு ஒரு குவளை, ஆண்களுக்கு இரண்டு என்பதையே பல ஆண்டுகள் மிதமான அளவின் உச்சமாகக் கொண்டிருந்தன. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாட்டுக்கு நாடு வேறு வேறு அளவுகளைக் குறித்து வந்ததால், ஓர் ஆய்வின் முடிவை இன்னொரு நாட்டுக்கு அப்படியே பெயர்த்துக் கொண்டுபோவதில் தொடக்கத்திலேயே சிக்கல் இருந்தது.

1974இல் கலிபோர்னியாவில் ஆர்தர் கிளாட்ஸ்கியும் அவருடைய குழுவினரும், மாரடைப்பு வருவதற்கு முன்பே உடல்நலப் பரிசோதனைக்கு உட்பட்டிருந்த 464 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, மது அருந்தாதவர்களிடம் மாரடைப்பு கூடுதலாக இருப்பதைக் கண்டனர். 1979இல் செயின்ட் லெகர் குழுவினர் வளர்ந்த நாடுகள் பதினெட்டை ஒப்பிட்டு, திராட்சை மது மிகுதியாக அருந்தப்படும் நாடுகளில் இதயநோய் மரணம் குறைவு என்று எழுதினர். 1981இல் மைக்கேல் மார்மட் குழுவினர் லண்டன் அரசு ஊழியரிடையே, அறவே குடியாதவரும் மிகுதியாகக் குடிப்பவரும் இரு முனைகளில் கூடுதலாக இறக்க, நடுவில் இருப்பவர் குறைவாக இறக்கும் வளைகோட்டைக் காட்டினர். கொழுப்பு மிகுந்த உணவு உண்டும் பிரெஞ்சு மக்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்குச் சிவப்புத் திராட்சை மது காரணமாகலாம் என்று செர்ஜ் ரெனோ முன்வைத்த கருத்து 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும், ஆய்வகத்தில் இருந்த ஊகம் அங்காடிக்கு வந்தது.

நீரிழிவாளரைத் தனியே எடுத்து ஆராய்ந்த ஆய்வுகள் இந்த அலையின் பின்னே வந்தன. 1999இல் விஸ்கான்சின் மாநிலத்தில், நடுவயதிலோ அதற்குப் பின்னோ நீரிழிவு கண்ட 983 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு, நாளொன்றுக்கு 14 கிராமும் அதற்கு மேலும் அருந்தியவர்களிடம் இதயத் தமனி நோயால் நேர்ந்த மரணம், ஒருபோதும் குடியாதவர்களிடம் கண்டதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு வெளியான அமெரிக்க மருத்துவர்கள் ஆய்வில், நீரிழிவு இருந்த 2,790 ஆண் மருத்துவர்களுள் நாள்தோறும் அருந்தியவர்களுக்கு அந்த மரண வாய்ப்பு பாதிக்கும் கீழே இருந்தது. செவிலியர் ஆய்வில் நீரிழிவுள்ள பெண்கள் 5,103 பேருள், நாளொன்றுக்கு வெறும் 5 கிராமும் அதற்கு மேலும் அருந்தியவர்களுக்கும் இதய நோய் பாதிக்கும் குறைவு. 2006இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரையும் அதே திசையைக் காட்டியது.

இவ்வெண்களின் அளவே அவற்றை ஐயுறுவதற்குப் போதுமான காரணமாக இருந்திருக்க வேண்டும். ஐந்து கிராம் என்பது ஒரு குவளைத் திராட்சை மதுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நீரிழிவாளர் 2,838 பேரிடம் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையைச் சோதித்து 2004இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வு, கொழுப்பைக் குறைக்கவென்றே உருவாக்கிய அந்த மருந்தால் பெரிய இதய, இரத்தக் குழாய் நிகழ்வுகளை 37 விழுக்காடு குறைக்க முடிந்தது என்று காட்டியபோது அது பெரும் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. மூன்றில் ஒரு குவளை மது அந்த மருந்தை மிஞ்சுகிறது என்றால், மதுவின் ஆற்றலை வியப்பதற்கு முன், ஒப்பிடப்பட்ட இரு தரப்பினரும் உண்மையிலேயே ஒப்பிடத்தக்கவர்களா என்று கேட்பதே முறை.

அந்தக் கேள்வியை 1988இலேயே பிரிட்டனின் ஷேப்பர் எழுப்பியிருந்தார். ‘குடியாதவர்’ என்ற கட்டத்துக்குள், உடல்நலம் கெட்டதால் குடியை விட்டவர்களும் வந்து அடைகிறார்கள். அவர்கள் இறப்பது அவர்களுக்கு முன்பே இருந்த நோயால். ஆனால் கணக்கில் அது மது அருந்தாமையின் விளைவாகப் பதிவாகிறது என்பது அவருடைய வாதம். நீரிழிவு விஷயத்தில் இவ்வாதத்தின் கூர்மை பன்மடங்கு ஏறுகிறது. நோய் கண்டறியப்பட்ட அன்றே மருத்துவர் சொல்லும் முதல் அறிவுரைகளுள் ஒன்று குடியை நிறுத்தச் சொல்வது. சிறுநீரகம் பழுதுபட்டவர், கால் நரம்புகள் மரத்தவர், இன்சுலினுக்கு மாறியவர், நாளுக்கு ஏழெட்டு மாத்திரை விழுங்குபவர் முதலியோர்தாம் முதலில் விடுகிறார்கள். அறுபது வயதிலும் மாலையில் நண்பர்களோடு ஒரு குவளை அருந்தும் நீரிழிவாளர், பெரும்பாலும் அவ்வாறு அருந்தும் அளவுக்கு நலமாக இருப்பவர். ஒருபோதும் குடியாதவரை மட்டும் ஒப்பீட்டுக்கு எடுத்தாலும் சிக்கல் முற்றும் தீர்வதில்லை. ஏனெனில் குடிப்பழக்கம் பரவலாக உள்ள மேலைச் சமூகத்தில் வாழ்நாள் முழுதும் குடியாதவர், வருமானம், கல்வி, இளமையிலிருந்தே தொடரும் நோய் ஆகியவற்றில் மற்றவரிடமிருந்து வேறுபடுபவராக இருக்க வாய்ப்புண்டு. நோய்க்கும் பழக்கத்துக்கும் பின்னாலிருந்து இரண்டையும் ஒருசேர இயக்கும் இத்தகைய மறைகாரணிகளைக் கணக்கு முறைகளால் ஓரளவுக்கே நீக்க முடியும். 2023இல் ஜாவோ, ஸ்டாக்வெல், நைமி முதலியோர் 48 இலட்சம் மக்களைக் கொண்ட 107 ஆய்வுகளை மீண்டும் எடுத்து, இவ்வகைப் பிழைகளுக்கு ஈடுசெய்து பார்த்தபோது, குறைவாக அருந்துவோருக்கு ஒட்டுமொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் எஞ்சவில்லை.

எனினும் மறுதரப்பின் வலுவான சான்றையும் மறைக்கலாகாது. 2014இல் வெளியான அட்வான்ஸ் ஆய்வின் பகுப்பாய்வு, இந்தியாவும் சீனாவும் உட்பட 20 நாடுகளைச் சேர்ந்த, இரண்டாம் வகை நீரிழிவுள்ள 11,140 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்தது. இரண்டாம் வகை என்பது உடல் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்க்காததால் பெரும்பாலும் நடுவயதில் தோன்றும் வகை. அவர்களுள் மிதமாக அருந்தியவர்களுக்கு இதய நிகழ்வுகள் 17 விழுக்காடும் இறப்பு 13 விழுக்காடும் குறைவாக இருந்தன. மிகுதியாக அருந்தியவர்களிடம் அந்த நன்மை காணப்படவில்லை. முந்தைய ஆய்வுகளின் 50, 80 விழுக்காடுகள், நோயாளிகளின் நிலை இன்னும் நுணுக்கமாகப் பதிவான ஒரு பெரிய ஆய்வில் 17க்கு இறங்கியது கவனிக்கத்தக்கது. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் நுண்குழாய்களின் பாதிப்பும் மிதமாக அருந்தியவர்களிடம் குறைவாக இருந்ததைச் சிலர் மதுவின் இன்னொரு நன்மையாகக் காட்டினர். ஆனால் இதயம், கண், சிறுநீரகம், இறப்பு என எல்லாமே ஒரே திசையில் ஏறத்தாழ ஒரே அளவில் குறையும்போது, அது ஒரு பொருளின் வேதிவினையைவிட அருந்துபவரின் பொதுவான நலத்தையே காட்டுவதாகக் கொள்வது பொருந்தும்.

மது எவ்வாறு இதயத்தைக் காக்கக்கூடும் என்பதற்குத் தரப்பட்ட விளக்கங்களுள் முதன்மையானது, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். பற்றியது. இரத்தக் குழாய்களிலிருந்து கொழுப்பைக் கல்லீரலுக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் இத்துகள் நீரிழிவாளரிடம் பொதுவாகக் குறைந்திருக்கும். மது அதை உயர்த்தும். இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் தன்மை சற்றுக் குறைவதும் இன்சுலினின் செயல் சற்று மேம்படுவதும் பிற விளக்கங்கள். இவற்றுள் முதல் தூண் பிற்காலத்தில் சரிந்தது. எச்.டி.எல்.ஐ மருந்தால் உயர்த்த முயன்ற டார்செட்ராபிப் சோதனை 2006இல் இறப்புகள் கூடியதால் நிறுத்தப்பட்டது, நியாசினை வைத்து நடந்த இரு பெரிய சோதனைகளும் பயன் தரவில்லை, பிறவியிலேயே எச்.டி.எல். சற்று உயர்ந்திருக்கும் மரபணு அமைப்புடையவர்களுக்கு மாரடைப்பு குறைவதில்லை என்று 2012இல் தெரியவந்தது. ஆகவே ஒரு பொருள் எச்.டி.எல்.ஐ உயர்த்துகிறது என்பது மட்டும் இதயக் காப்புக்குச் சான்றாகாது.

உற்றுநோக்கும் ஆய்வுகளின் இக்குறையைத் தீர்க்கும் வழி, ஆய்வுக்கு வருபவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, யார் அருந்துவது, யார் அருந்தாதிருப்பது என்பதை அவர்கள் விருப்பத்துக்கு விடாமல் தற்செயலுக்கு விடுவது. நீரிழிவில் அவ்வாறு நடந்தவற்றுள் முக்கியமானது, இஸ்ரேலின் நெகேவ் பகுதியில் ஐரிஸ் ஷாய் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட கேஸ்கேட் சோதனை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தவரும் அதுவரை குடிப்பழக்கம் இல்லாதவருமான 224 பேர், இரவு உணவோடு 150 மில்லிலிட்டர் சிவப்புத் திராட்சை மது, வெள்ளைத் திராட்சை மது, கனிம நீர் என மூன்றில் ஒன்றை இரண்டு ஆண்டுகள் அருந்தினர். காய்கறி, ஆலிவ் எண்ணெய், மீன் மிகுந்த மத்தியதரைக்கடல் உணவு முறையை மூன்று பிரிவினரும் பின்பற்றினர். முடிவில் சிவப்பு மது அருந்தியவர்களுக்கு எச்.டி.எல். நீர் அருந்தியவர்களைவிட டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராம் உயர்ந்தது. காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது வெள்ளை மதுவால். ஆல்கஹாலை மெதுவாகச் சிதைக்கும் மரபணு அமைப்புடையவர்களிடமே சர்க்கரைக் கட்டுப்பாட்டில் நன்மை தெளிவாகத் தெரிந்தது. இரத்த அழுத்தத்திலும் கல்லீரல் செயலிலும் வேறுபாடு இல்லை. நேர்த்தியாக நடத்தப்பட்ட இந்தச் சோதனை, உணவோடு தினமும் ஒரு சிறு குவளை என்ற அளவு, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகளில் பெருந்தீங்கு செய்யவில்லை என்று காட்டியது. மாரடைப்பைத் தடுக்குமா என்பதற்கு அது விடை சொல்லவில்லை. 224 பேரில் இரண்டு ஆண்டுகளில் அது தெரியவும் வழியில்லை.

அந்த விடையைத் தேடி அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் தொடங்கிய பெருஞ்சோதனையின் கதை, இத்துறைக்கு நேர்ந்த பெரிய இழப்பு. மாக் 15 எனப்பட்ட அச்சோதனை, இதயநோய் வாய்ப்பு மிகுந்த, ஐம்பது வயது கடந்த 7,800 பேரை, நாளொரு குவளை, அறவே இல்லை என இரு பிரிவாக்கி ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கவனிக்கத் திட்டமிட்டது. திட்டமிட்ட செலவான 10 கோடி டாலரில் பெரும்பகுதியை உலகின் பெரிய மது உற்பத்தி நிறுவனங்கள் தர முன்வந்திருந்தன. திட்டம் வகுக்கப்பட்ட காலத்திலேயே ஆய்வாளர்களும் அரசு அலுவலர்களும் அந்நிறுவனங்களோடு பேசி, மதுவுக்குச் சாதகமான விடையை நோக்கி வடிவமைப்பைச் சாய்த்தனர் என்ற குற்றச்சாட்டு 2018 மார்ச்சில் நாளேட்டில் வெளிவர, விசாரணைக்குப் பின் அவ்வாண்டு ஜூனில் சோதனை மூடப்பட்டது. சோதனையின் கால அளவும் ஆள் எண்ணிக்கையும் நன்மையைக் காணப் போதுமானவையாகவும், புற்றுநோய், இதயச் செயலிழப்பு போன்ற தீங்குகளைக் காணப் போதாதவையாகவும் இருந்தன என்பது விசாரணைக் குழுவின் கண்டிப்பான கவலைகளுள் ஒன்று. மூடியது சரியே. ஆனால் நீரிழிவாளரின் நெடுநாள் வினாவுக்கு நேரடி விடை கிடைத்திருக்கக்கூடிய ஒரு வாய்ப்பு, விற்பவரின் பணத்தால் கெட்டுப்போனது. இப்போது ஸ்பெயினின் நவாரா பல்கலைக்கழகம் ஐரோப்பிய ஆய்வு நிதியுடன், ஏற்கெனவே அருந்தும் 10,000 பேரை இலக்காகக் கொண்டு, முற்றும் விடச் சொல்லும் அறிவுரையையும் அளவோடு நிறுத்தச் சொல்லும் அறிவுரையையும் ஒப்பிட்டு வருகிறது.

மனிதர் ஏற்பாடு செய்ய முடியாத குலுக்கலை இயற்கையே ஓரளவு செய்து வைத்திருக்கிறது. கிழக்காசியரில் பலருக்கு, ஆல்கஹால் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை அகற்றும் நொதி பிறவியிலேயே செயல் குன்றியிருக்கும். அவர்கள் சிறிது அருந்தினாலும் முகம் சிவந்து குமட்டுவதால் குறைவாகவே குடிப்பர். கருவில் அமையும் இந்த மரபணு, செல்வம், படிப்பு, நோய் எதையும் பார்த்து அமைவதில்லை. சீனாவில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட கடூரி உயிரி வங்கியின் ஆய்வாளர்கள் 2019இல் இதைப் பயன்படுத்தினர். வழக்கமான கணக்கில், வாரத்துக்கு 100 கிராம் அளவில் அருந்தியவர்களுக்குப் பக்கவாதம் மிகக் குறைவு என்ற பழைய வளைகோடே தோன்றியது. மரபணுக் கணக்கிலோ வளைவு மறைந்து, அளவு கூடக்கூடப் பக்கவாதம் நேராக ஏறியது. மாரடைப்பில் தெளிவான தொடர்பு எதுவும் தெரியவில்லை. அங்கே பெண்கள் பெரும்பாலும் மது அருந்துவதில்லை. அதே மரபணுவைக் கொண்டிருந்தும் அவர்களிடம் இரத்த அழுத்தத்திலும் பக்கவாதத்திலும் மாற்றம் காணப்படாததால், ஆண்களிடம் கண்ட விளைவு மரபணுவினுடையது அல்ல, மதுவினுடையதே என்பது உறுதியானது. இத்துறையில் இவ்வளவு அழகான சான்று வேறில்லை. மரபணு முறைக்கும் அதற்கேயுரிய வரம்புகள் உண்டு, மிகச் சிறிய அளவுகளில் அது துல்லியம் குன்றும். ஆயினும் ‘குடியாதவரே நோயாளி’ என்ற பழைய மாயத்தைக் கலைக்க அது போதும்.

தெற்காசியாவுக்கு இவ்வினாவில் தனியிடம் உண்டு. 52 நாடுகளில் மாரடைப்பின் காரணங்களை ஆராய்ந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் பிற பகுதிகளில் மதுவுக்குத் தெரிந்த காப்பு, இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளைச் சேர்ந்தோரிடம் தெரியவில்லை என 2007இல் எழுதப்பட்டது. இந்திய ஆண்களிடம் நடந்து 2010இல் வெளியான இன்னோர் ஆய்வும் காப்பைக் காணவில்லை. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழும் நாட்டில், அதிலும் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு அந்நோய் உள்ள தமிழ்நாட்டில், மேலைநாட்டு மிதக் குடியைப் பற்றிய செய்தி இங்குள்ள குடிமுறைக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். டாஸ்மாக் கடையில் ‘குவாட்டர்’ எனக் கேட்டு வாங்கும் 180 மில்லிலிட்டர் புட்டியில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் இருக்கிறது. அதாவது ஏறத்தாழ 61 கிராம். அது நான்கு அமெரிக்கக் குவளைகளுக்கும் மேல். அதில் பாதியான ‘கட்டிங்’ கூட 30 கிராமைத் தொட்டு, ஆணுக்கு நாளொன்றுக்குச் சொன்ன உச்சவரம்பைத் தாண்டிவிடுகிறது. நெகேவில் இரவு உணவோடு மெல்ல அருந்திய அந்த 150 மில்லிலிட்டருக்கும், வெறும் வயிற்றில் ஊறுகாயோ சுண்டலோ தொட்டுக்கொண்டு விரைவாக இறக்கும் குவாட்டருக்கும் பொதுவாக இருப்பது எத்தனால் ஒன்றே.

நன்மை இவ்வாறு நிலைகொள்ளாமல் இருக்க, தீங்குகளுள் சில ஐயத்துக்கு இடமின்றித் தெரிபவை. உண்டு சில மணி நேரம் கழிந்தபின் இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். முதலில் தன்னிடம் சேமித்த கிளைக்கோஜனை உடைத்தும், பின்னர் லாக்டேட், அமினோ அமிலம் முதலியவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸை ஆக்கியும் அது அப்பணியைச் செய்கிறது. ஆல்கஹாலைச் சிதைக்கும்போது கல்லீரல் செல்லின் வேதிச் சமநிலை மாறி, இந்தப் புதிய ஆக்கம் தடைப்படுகிறது. உடல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் சிதைக்கும் என்பதால், இரவு ஒன்பதுக்குக் குடித்த ஒரு குவாட்டரின் வேலை விடியற்காலை வரை நீளும். இன்சுலினோ, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தவருக்கு, அந்த நேரத்தில்தான் சர்க்கரை அபாயகரமாகக் கீழிறங்கும். முதல் வகை நீரிழிவுள்ள ஆறு ஆண்களுக்கு இரவில் திராட்சை மது தந்து நடத்தி 2001இல் வெளியான சிறு சோதனையில், அவர்களுள் ஐவருக்கு மறுநாள் காலை உணவுக்குப் பின் தாழ்சர்க்கரைக்கு மருத்துவம் செய்ய வேண்டியதாயிற்று. நீர் அருந்திய நாளில் எவருக்கும் அவ்வாறு நேரவில்லை. வியர்வை, உளறல், தள்ளாட்டம், மயக்கம் ஆகிய தாழ்சர்க்கரையின் குறிகள் போதையின் குறிகளே ஆதலால், வாயில் மது மணக்கும் ஒருவர் விழுந்து கிடந்தால் அருகிலிருப்பவர் அதைப் போதை என்று எண்ணி விட்டுவிடுவது இதன் மிகக் கொடிய பக்கம். கல்லீரலின் கையிருப்பு தீர்ந்த நிலையில், அதை உடைக்கச் சொல்லும் குளூக்ககான் ஊசியும் சரிவர வேலை செய்யாது.

இதயத்தையே எடுத்துக்கொண்டாலும் கணக்கு ஒருபக்கமாக இல்லை. அமெரிக்காவில் அக்கார்டு ஆய்வின் நீரிழிவாளர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான கட்டுரை, வாரத்துக்கு எட்டு முதல் பதினான்கு குவளை என்ற ‘மிதமான’ அளவிலேயே உயர் இரத்த அழுத்தம் கூடுவதைக் காட்டியது. மேலறைகள் ஒழுங்கற்றுத் துடிக்கும் ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்ற நிலை, ஏற்கெனவே நீரிழிவாளரிடம் கூடுதலாகக் காணப்படுவது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியரை ஆராய்ந்த 2021ஆம் ஆண்டு ஆய்வில் நாளொன்றுக்கு 12 கிராம் என்ற ஒரே குவளை அதன் வாய்ப்பை 16 விழுக்காடு கூட்டியது. முக்கொழுப்பு எனப்படும் டிரைகிளிசரைடு மிகுந்தவருக்கும் கொழுப்புக் கல்லீரல் உள்ளவருக்கும் மது மேலும் கேடு சேர்க்கிறது. நீரிழிவாளரில் இவ்விரண்டும் இல்லாதவர் குறைவு.

இச்சான்றுகள் திரளத் திரள நெறிமுறைகளும் மாறின. உலக இதயக் கூட்டமைப்பு 2022 ஜனவரியில், மது இதயத்துக்கு நல்லது என்ற கருத்தை வெளிப்படையாக மறுத்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2023 ஜனவரியில், நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு எதுவும் இல்லை என்றது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம், அருந்துபவர் வரம்புக்குள் நிற்க வேண்டும் என்றும், அருந்தாதவர் நன்மை கருதித் தொடங்கலாகாது என்றும் கூறுகிறது. இந்த இரண்டாம் பகுதியே இன்றைய சான்றின் நேர்மையான பொருள். எம்பாகுளிபுளோசின் என்ற மாத்திரை, இதயநோயும் நீரிழிவும் உள்ள 7,020 பேரிடம் குலுக்கல் முறையில் சோதிக்கப்பட்டு, இதய மரணத்தை 38 விழுக்காடு குறைத்ததாக 2015இல் நிறுவப்பட்டது. அத்தகைய மருந்துகள் கைவசம் இருக்கும் காலத்தில், ஒரு சோதனையிலும் ஒரு மாரடைப்பையும் தடுத்துக் காட்டாத பொருளை இதயத்தின் பெயரால் பரிந்துரைக்க மருத்துவத்துக்கு உரிமை இல்லை.

ஏற்கெனவே அருந்திக்கொண்டிருக்கும் நீரிழிவாளரிடம் கேட்க வேண்டியவை வேறு. ‘குடிப்பதுண்டா’ என்ற ஒற்றைக் கேள்விக்கு ‘எப்போதாவது’ என்ற ஒற்றைச் சொல் பதிலாக வந்து பேச்சு முடிந்துவிடுகிறது. எத்தனை மில்லிலிட்டர், வாரத்தில் எத்தனை நாள், சாப்பாட்டோடா வெறும் வயிற்றிலா, அன்றிரவு மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொள்வது எப்படி, படுக்குமுன் சர்க்கரை பார்ப்பதுண்டா, வீட்டில் உள்ளவருக்குத் தாழ்சர்க்கரையின் குறிகள் தெரியுமா எனப் பழிக்காத குரலில் கேட்டு, கிராம் கணக்கில் எழுதி வைத்தால், அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் அதுவே தொடக்கமாகும்.